பாறையில் உரசிய குச்சி

என் நாவலுக்கு வந்த மதிப்புரையில் மூன்றாம் பக்கம்தான் முதலில் கைக்குக் கிடைத்தது. விளாத்திகுளம் பக்கத்தில் வாத்தியாராக இருக்கும் நண்பர், இதழ் தபாலில் வந்த கையோடு நான்கு பக்கங்களையும் படம் பிடித்து வாட்ஸப்பில் தட்டிவிட்டிருந்தார். எங்கள் தெருவில் டவருக்கு எப்போதும் பாதி உயிர்தான். மூன்றாவது படம் மட்டும் இறங்கியது. மற்ற மூன்றும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றன. கீழே, ‘வாழ்த்துகள் அண்ணாச்சி, நாலு பக்கம் போட்டிருக்காங்க!’ என்று ஒரு வரி, கூடவே இரண்டு பூங்கொத்து. பாவம், அவரும் வாசிக்காமல்தான் அனுப்பியிருக்கிறார் என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

‘தீப்பெட்டி ஊரில் பிறந்தவருக்குத் தீக்குச்சி எதில் உரசினால் பற்றும் என்று தெரியவில்லை’ என்று அந்தப் பக்கம் ஆரம்பித்தது.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டியில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், எட்டுக்குப் பத்து அறை. 24 வருஷமாகக் கிரையம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளைக்கு நான் அடிக்கும் தமிழை எடைபோட்டால் நாவலாசிரியர்கள் யாரும் பக்கத்தில் நிற்க முடியாது. ‘மேற்படி’, ‘இதனால்’, ‘யாதொரு வில்லங்கமுமில்லை’ எல்லாம் என் கைக்குத் தானாக வரும். அந்தக் கையால்தான், ஏழு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, தீப்பெட்டி ஆபீஸில் வேலைபார்க்கும் வேலம்மா என்ற பெண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆபீஸ்தான். பெயரைச் சொல்லி இங்கே விளம்பரம் தேடப்போவதில்லை. 300 பிரதி அச்சிட்டோம். விலை 320 ரூபாய். சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், பதிப்பாளரின் கடையில் மூன்றாவது தட்டில் இருந்தது. நான் போன இரண்டு நாளும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கையில் எடுத்தால் எனக்கு மூச்சு நிற்கும். வைத்துவிட்டால் மறுபடி வரும்.

நாவலின் உச்சம் 211ஆம் பக்கம். வருஷம் 1983. எண்ணிக்கை குறைவு என்று சொல்லிக் கூலியைப் பிடித்ததற்காக வேலம்மா கணக்கப்பிள்ளையோடு வாதாடுகிறாள், வேலை போய்விடுகிறது. வாசலில் பெண்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அப்படியும் ஒரே ஒரு குச்சியைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிடுகிறாள். அன்று ராத்திரி கதிரேசன் மலைக்கு ஏறுகிறாள். ஊர் முழுவதும் கரண்ட் இல்லை. குச்சியைப் பாறையில் உரசுகிறாள். பற்றுகிறது. அந்த வெளிச்சத்தில் தன் உள்ளங்கையைப் பார்க்கிறாள்.

வெளியீட்டு விழாவில் பேசிய பேராசிரியர் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு எதிரே முதல் வரிசையில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவரே உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார்.

பாறையில் உரசினால் பற்றாது. நம் ஊரில் தயாராகும் எந்தக் குச்சியும் பற்றாது. பெட்டியின் பக்கத்தில் உரசினால்தான் பற்றும். இதை அந்த விமர்சகர் ஒரு முழுப் பத்தியில், எட்டாம் வகுப்பு அறிவியல் எடுப்பதுபோல விளக்கியிருந்தார். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாதவருக்கு வேலம்மாவைப் பற்றி வேறு என்ன தெரிந்திருக்கும் என்று முடித்திருந்தார்.

அன்றைக்கு முகூர்த்த நாள். அறை நிறைய ஆட்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாகப்பிரிவினை ஓடிக்கொண்டிருந்தது. செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்தேன். நகலை அடித்து வாசிக்கக் கொடுத்ததும், சுவரோரமாக நின்றிருந்த தம்பி சம்சாரம் மெதுவாக, “சார், எங்களுக்குத் தெக்குப் பாகம்லா? வடக்குன்னு போட்டிருக்கே” என்றது. செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போட்டிருந்தேன். நகல் என்பதால் தப்பித்தேன். அப்படியே பதிவாகியிருந்தால் அண்ணன் வீட்டுக் கிணறு தம்பிக்குப் போயிருக்கும். டீ வாங்கிக்கொடுத்துச் சமாளித்தேன். என்ன சமாளிப்பு, காது ரெண்டும் சுட்டுக்கொண்டேயிருந்தது.

சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று பக்கமும் இறங்கிவிட்டன. முதல் பக்கத்தில் என் நடையைப் ‘பத்திர நடை’ என்று சொல்லியிருந்தார். எனக்குத் தொழிலே அது என்று அவருக்குத் தெரியாது, தற்செயலாக அடித்தது, ஆனால் சரியாக விழுந்தது. இரண்டாம் பக்கத்தில் இன்னொரு குற்றச்சாட்டு: 280 பக்கத்தில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை; நாற்பது பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கும் கொட்டகையில் எப்படி ஒரு சிரிப்புகூடக் கேட்காமல் போகும் என்று கேட்டிருந்தார். நான்காம் பக்கத்தில், கூலிப் பிடித்தம் பற்றிய அத்தியாயம் மிகை என்றும், வாசகரின் கண்ணீருக்காகப் போட்ட கணக்கு என்றும். போகிற போக்கில் வேலம்மாவை இரண்டு இடத்தில் ‘வேலுத்தாய்’ என்று வேறு எழுதியிருந்தார். அந்த இரண்டையும் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். தமிழில் விமர்சனம் என்று வாயெடுத்தாலே நக்கீரரை இழுக்காமல் யாராலும் முடியாது. “நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றம்தானே அண்ணாச்சி” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர், என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு. எனக்கு அந்தக் கதையில் எப்போதும் தருமியைப் பற்றித்தான் கவலை. சாமியும் புலவரும் மோதி, ஒருவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்து எழுந்து, கடைசியில் இரண்டு பேருக்கும் பெயர் கிடைத்தது. சபையில் அத்தனை பேர் முன்னால் ஓலையோடு திரும்பிய அந்த ஏழை, அன்று சாயங்காலம் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனான்?

வாத்தியார் நண்பர், தான் அனுப்பிய குற்ற உணர்ச்சியில், போனில் அரைமணி நேரம் பேசினார். வில்லிபுத்தூரார் தோற்ற புலவர்களின் காதை அறுத்தாராம், அருணகிரிநாதரிடம் மாட்டுகிற வரைக்கும். சீத்தலைச் சாத்தனாரோ பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொண்டு, தலை சீழ் பிடித்ததால்தான் அந்தப் பெயர் வந்ததாம். கதைதான், ஆனாலும் “இப்ப உள்ள விமர்சகர் நம்ம தலையிலதான் குத்துறாங்க, காலம் மாறிட்டு” என்றார். அப்புறம் சி.சு. செல்லப்பாவுக்கு வந்தார். 1959இல் விமர்சனத்துக்கென்றே ‘எழுத்து’ பத்திரிகையை ஆரம்பித்து, கைக்காசைப் போட்டு, புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்த மனுஷன். அந்தப் பரம்பரையில் நாலு பக்கம் திட்டு வாங்குவது கௌரவம் என்றார். கௌரவத்தை வைத்துக்கொண்டு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இங்கே கரிசல் காட்டில் எழுத வருகிறவனுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. திருநெல்வேலி ரோட்டில் கொஞ்சதூரம் போனால் இடைசெவல். கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஒரே சின்ன ஊரில் இரண்டு பேர். பஸ் அந்த நிறுத்தத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு முதுகை நிமிர்த்தி உட்காரத் தோன்றும். விமர்சகர் அவர்களையும் விடவில்லை. அந்த மண்ணிலிருந்து இப்படியும் ஒரு புத்தகமா என்கிற தொனி. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எதற்கு இடைசெவலைக் கூப்பிடவேண்டும்?

ராத்திரி செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லப்போவதில்லை, மானம் போகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த விமர்சகர் பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட கவிதைத் தொகுப்பு என் அலமாரியில் இருந்தது. சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று ஒற்றுப்பிழை, ஒரு ‘முயற்ச்சி’. ‘முயற்ச்சி’யைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் குடித்தேன், அவ்வளவு நிறைவு.

அதற்கப்புறம் மறுப்புக் கடிதம். நான்கு பக்கத்துக்கு நான்கு பக்கம். எழுதி முடித்து வாசித்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ‘தாங்கள் தங்கள் மதிப்புரையின் இரண்டாம் பத்தியில் கண்டுள்ளபடி…’ பத்திர நடை என்று சொன்னவருக்கு நானே சாட்சி கொடுத்த மாதிரி. ஆனால் பாறை விஷயத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் அந்த இடம் காலியாகவே இருந்தது. மணி ஒன்றரை. அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்தேன்.

முதலில் சுவர். குச்சித் தலை உதிர்ந்து சுண்ணாம்பில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. அடுத்து வாசல்படிச் சிமெண்டு. குச்சி ஒடிந்தது. அம்மிக்கல்லைப் பெரிதாக நம்பியிருந்தேன். கொத்திய கல், சொரசொரப்பு, பாறைக்கு அதைவிடக் கிட்டத்தில் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? பத்துக் குச்சி போனது. மருந்து பொடிப்பொடியாக அம்மியில் ஒட்டிக்கொண்டது, கந்தக வாடை வந்தது, நெருப்பு வரவில்லை. காலையில் தேங்காய் அரைப்பதற்குள் கழுவிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாகப் பீரோக் கண்ணாடி. வழவழப்பான இடத்தில் நீளமாக, வேகமாக இழுத்தால் சில சமயம் பற்றும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். ஒன்று, இரண்டு, ஏழு. எட்டாவது குச்சியைக் கண்ணாடியின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரைக்கும் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தேன். சர்ரென்று பற்றிக்கொண்டது. கண்ணாடிக்குள் பனியனோடு ஒரு கிழட்டு முகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“என்னங்க, கரண்ட் போயிட்டா?” என்று வீட்டுக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டதாகத்தான் அந்த நிமிஷம் தோன்றியது. கடிதத்தின் காலியிடத்தை நிரப்பப் பாதிவழி போனவன் நின்றேன். கதிரேசன் மலையில் பீரோக் கண்ணாடி கிடையாது.

மறுநாளிலிருந்து வாசித்ததில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குச்சித் தலையில் இருப்பது முக்கியமாகப் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கூடவே கண்ணாடித் தூள், பசை. பாஸ்பரஸ் தலையில் இல்லை. சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. சாதாரணமாக இரண்டும் உரசிச் சந்திக்கும்போதுதான் தீ. இந்த இரண்டையும் பிரித்துவைக்கும் யோசனைக்கு 1844இல் சுவீடனில் குஸ்தாவ் எரிக் பாஸ்க் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னாலும், பிறகு வெகுகாலமும், வெள்ளைப் பாஸ்பரஸைத் தலையிலேயே வைத்த குச்சிகள். எதில் உரசினாலும் பற்றும். அதன் புகையில் வேலைபார்த்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் பெர்ன் நகரத்தில் ஒப்பந்தம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்தார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தது 1920களில். ஆகவே நம் ஊர்களில் பரவியது பெட்டியின் பக்கத்தில் உரசும் குச்சிதான்.

அப்படியென்றால் பாறையில் பற்றுகிற குச்சி எனக்கு எங்கிருந்து வந்தது? இதுதான் மதிப்புரையைவிட அதிகமாகக் குடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஒரு தானப் பத்திரத்துக்கு நடுவில், பளிச்சென்று தெரிந்தது. சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். குதிரை, தொப்பி, துப்பாக்கி. அதில் ஒருவன் பூட்ஸ் அடியில் குச்சியை உரசிச் சுருட்டைப் பற்றவைப்பான். பாறையில் உரசுவான், தாடியில்கூட உரசுவான். அமெரிக்காவில் எங்கும் உரசும் குச்சி உண்டு, பாஸ்பரஸின் ஒரு கலவை அதன் தலையிலேயே இருக்கும். நானும் என் சேக்காளிகளும் அதைப் பார்த்துவிட்டு வந்து செருப்பில் உரசி உரசிப் பார்த்திருக்கிறோம். ஒன்றும் பற்றியதில்லை. பற்றாதது மறந்துபோய், படத்தில் பற்றியது மட்டும் மனசில் நின்றிருக்கிறது. வீட்டுத் திண்ணை முழுக்கத் தீப்பெட்டி காய்ந்துகொண்டிருந்த ஊரில் வளர்ந்தவன், வேலம்மா கையில் கௌபாய் குச்சியைக் கொடுத்திருக்கிறேன்.

திண்ணையில் காய்ந்த பெட்டிகள் அம்மா ஒட்டியவை.

அம்மாவுக்கு இப்போது 76. நாவல் வந்ததும் முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆனால் வாசிக்கவில்லை. அட்டையில் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். நானும் வாசித்துக் காட்டவில்லை. அவளைப் பற்றியது மாதிரி, ஆனால் அவளைப் பற்றியது இல்லை, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால், ஏழு வருஷத்தில் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேவு வாங்கிக்கொண்டு போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். (எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவுக்கு அதற்கு முன்பே பல் போய்விட்டது. சேவையும் டீயில் நனைத்துத்தான்.)

“எம்மா, குச்சியைப் பாறையில உரசினா பத்துமா?”

“பாறையிலயா? எதுக்குய்யா பாறையில உரசணும்? பெட்டி என்னத்துக்கு இருக்கு?”

“பெட்டி இல்லைன்னு வையி.”

“பாறையில பத்துற குச்சின்னா ஒன்னோட ஒன்னு ஒரசியே ஆபீசு எரிஞ்சு போயிருக்காதா? மரச்சட்டத்துல எத்தனை ஆயிரம் குச்சி அடுக்குவோம்!” என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சேவு புரையேறி, முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் அவளே சொன்னாள். நான் கேட்டது பாறையை. அவள் சொன்னது மூன்று மணி நேரம். குச்சி கேரளாவிலிருந்து மூட்டையாக வரும். சட்டத்தில் அடுக்கி, நுனியைச் சுடவைத்து மெழுகில் முக்கி, அப்புறம் மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். பெட்டியில் குச்சியை அடைத்த பிறகுதான் பக்கத்துக்கு மருந்து தடவுவது, அதுவும் தனிக் கொட்டகையில். முதலிலேயே தடவிவிட்டால் அடைக்கிற கையிலேயே பற்றிக்கொள்ளும். நான் நாவலில் இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன். விமர்சகர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. சொல்லியும் கொடுக்கப்போவதில்லை, அவர் இதை வாசித்தால் ஒழிய.

வீட்டில் பெட்டி ஒட்டிய காலத்தைப் பற்றிச் சொல்லும்போது கையை நீட்டிக் காண்பித்தாள். மைதாவைக் காய்ச்சிப் பசை. எலியும் பூச்சியும் தின்னாமலிருக்க அதில் நீல நிற மயில்துத்தம் கலப்பார்கள். வலதுகைப் பெருவிரல் நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும், சோறு பிசைந்தாலும் போகாது. எனக்குச் சோறு ஊட்டியது அந்த விரல்தான், நீலம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நாவலில் அது இல்லை. உள்ளங்கைக் காய்ப்பு என்று எழுதியிருந்தேன். பெட்டி ஒட்டினால் உள்ளங்கை காய்க்காது, விரல்நுனிதான் தேயும். மண்வெட்டி பிடிக்கிறவருக்குத்தான் உள்ளங்கை காய்க்கும். 144 பெட்டி ஒரு குரோஸ். நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆளுக்குக் கொஞ்சம் ஒட்டினால்தான் கணக்கு நேராகும் என்றாள். நான் ஒட்டியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சிரிப்பைப் பற்றியும் கேட்டேன். நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் சுற்றி வளைத்து. கணக்கப்பிள்ளைக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. எழுபத்தாறு வயசில் என் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ்ஸில் ஏறும்போதே கதை ஆரம்பித்துவிடுமாம். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்கு நாலணா போட்டுச் சேவு வாங்கி, பஸ் வருகிற வரைக்கும் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து தின்பார்களாம். “அழுறதுக்கு எங்கய்யா நேரம்?” என்றாள்.

சரி, விமர்சகருக்கு இதில் பாதி ராஜ்ஜியத்தை எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் கூலிப் பிடித்தம் மிகை என்று சொன்னாரே, அதில் ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்க மாட்டேன். அந்த அத்தியாயத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “கொறச்சு எழுதியிருக்க” என்றாள். நாலு பெட்டி கோணலாக இருந்தால் குரோஸில் ஒருபகுதியையே கழிவு என்று ஒதுக்குவார்கள், அதற்குக் கூலி கிடையாது. “கழிவுன்னு ஒதுக்குன பெட்டி எங்க போச்சாம்? அதுவும் லாரியிலதான் ஏறும்.” இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக என் 280 பக்கத்தில் ஒன்றும் இல்லை. மிகை என்று எழுதியவர் எந்தக் கொட்டகையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்? வேதியியல் தெரிந்தால் போதுமா? அந்த மனக்குறை இப்போதும் இருக்கிறது, இருக்கட்டும்.

வீட்டுக்காரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாவலை நாற்பது பக்கத்துக்கு மேல் அவள் வாசித்ததில்லை. சீரியல் நேரம் என்பாள். மதிப்புரையை மட்டும் என் செல்லை வாங்கி, படங்களைப் பெரிதாக்கி, ஒரு வரி விடாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு, “கடைசியில அந்த வேலம்மா மலைமேல போயி என்னதான் செஞ்சா?” என்று கேட்டாள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நேராக 211ஐத் திறந்தாள்.

24 வருஷத்தில் என் தவறுக்காக நான் எழுதிக்கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரங்கள் மூன்று. காசு வாங்காமல், முத்திரைச் செலவையும் நானே போட்டு. அதற்கென்று வாசகம் இருக்கிறது: முன் ஆவணத்தில் இன்னதென்று கண்டிருப்பதை இன்னதென்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. மறுப்புக் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையின் அடியில் போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நாலாவதை எழுதினேன். ‘211ஆம் பக்கம் 14ஆம் வரியில் பாறையில் என்று கண்டிருப்பதை…’ என்பது வரைக்கும் வந்து நின்றேன். என்னவென்று திருத்துவது? அவளிடம் பெட்டி கிடையாதே. வாசலில் தடவிப் பார்க்கிறவர்கள் குச்சியை வேண்டுமானால் தவறவிடுவார்கள், பெட்டியை எப்படி விடுவார்கள்?

இதையும் அம்மாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“பெட்டி எதுக்கு? பக்கத்தை மட்டும் கிழிச்சுக் கொண்டைக்குள்ள சொருகிட்டா எவனுக்குத் தெரியும்?”

“நீ அப்படிச் செஞ்சிருக்கியா?”

பதில் சொல்லவில்லை. சேவு இருக்கிறதா என்று பொட்டலத்தைத் தடவிப் பார்த்தாள்.

பதிப்பாளரிடம் பேசினேன். 300இல் பாதிக்கு மேல் இன்னும் அவர் கிடங்கில்தான் இருக்கிறது. என்றாலும் நூலகம் ஒன்றிலிருந்து கேட்டிருப்பதால், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50 பிரதி போடப்போவதாகவும், ஒரு பக்கம் மாற்றுவது பெரிய விஷயமில்லை என்றும் சொன்னார். மூன்று ராத்திரி உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். பாறை போனது. உள்ளங்கை போனது. வேலம்மா மலைமேல் உட்கார்ந்து கொண்டைக்குள் விரலை விட்டுப் பெட்டிச் சில்லை எடுக்கிறாள், உரசுகிறாள், அந்த வெளிச்சத்தில் நகக்கண்ணில் நீலம் தெரிகிறது. கணக்கப்பிள்ளையின் பட்டப்பெயரைச் சொல்லித் தனியாகச் சிரிக்கிறாள். பட்டப்பெயரை நான் கொஞ்சம் நாகரிகமாக மாற்றிக்கொண்டேன்.

போனவாரம் அந்த 50இல் 5 பிரதி பார்சலில் வந்தது. டீக்கடை வாசலில் வைத்தே பிரித்தேன். நேராக 211. வாத்தியார் நண்பர் சொன்னார், அந்த விமர்சகர் திருநெல்வேலிப் புத்தகத் திருவிழாவுக்கு வருகிறாராம், ஒரு பிரதி கையில் கொடுத்துவிடலாம் என்று. கொடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 14ஆம் வரியை வாசிக்கிற வரைக்கும்.

‘அவள் கெண்டைக்குள் விரலை விட்டாள்’ என்று அச்சாகியிருக்கிறது.

அச்சகத்தின் மேல் பழிபோட முடியுமா என்று, நான் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். முடியாது. கால் போடாமல் விட்டது நான்தான். அதையும் திருத்த முடியுமா என்று பதிப்பாளரைக் கேட்டேன். அடுத்த 50க்குப் பார்ப்போம் அண்ணாச்சி என்றார்.